செம்மலைகளின் ஓவியர் ஆல்பர்ட் நமத்ஜிரா

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் நடுப்பகுதி மழை அரிதாகப் பெய்யும் வறண்ட நிலமாகும். அங்கு மண் காவி நிறமுடையது. ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதியும் வெறும் மணற்படுகைகளாகவே கிடக்கும். அம்மண்ணின் குறுக்கே கிழக்கு மேற்காக மக்டொனெல் மலைத்தொடர் நீண்டு செல்கிறது. நண்பகலில் வெளிறித் தோன்றும் அம்மலைகள், கதிரவன் சாயும் வேளையில் செம்மை பூண்டு, பின்னர் ஊதா நிறமாகி, இருளில் மறையும். நேரில் காணாதவர்கள் இவ்வண்ணங்களை ஓவியரின் கற்பனை என்றே எண்ணுவர்.

இந்நிலத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தாயகமாகக் கொண்டு வாழ்ந்து வருபவர்கள் தொல்குடி மக்கள். அவர்களுள் ஒரு பிரிவினர் அரண்டா மக்கள். அவர்களுக்கு மலை என்பது வெறும் பாறைக் குவியலன்று. ஒவ்வொரு குன்றும், ஒவ்வொரு நீர்ச்சுனையும் முன்னோர் நடந்த வழியின் அடையாளமாகும். இன்ன இடம் இன்ன குடியினரின் பொறுப்பு என்னும் வரையறையும் அவர்களிடம் உண்டு. ஆல்பர்ட் நமத்ஜிராவின் ஓவியங்களைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இதனை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அவர் காலத்து நகர மக்களுள் பலர் இதனை அறிந்திருக்கவில்லை.

நமத்ஜிரா 1902ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28ஆம் நாள் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே, ஃபிங்க் ஆற்றங்கரையில் அமைந்த அவ்வூர், செருமானிய லுத்தரன் சமயத் தொண்டர்கள் 1877இல் நிறுவிய பணித்தலமாகும். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் எலியா. 1905இல் அக்குடும்பத்தினர் கிறித்தவ சமயத்தைத் தழுவியபோது, குழந்தைக்கு ஆல்பர்ட் என்று பெயர் சூட்டப்பட்டது. நமத்ஜிரா என்பது அவருடைய தந்தையின் பெயர். பிற்காலத்தில் ஓவியங்களில் கையொப்பமிடும்போது அப்பெயரையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

சிறுவன் ஆல்பர்ட்டுக்கு இருவகைக் கல்வி வாய்த்தது. பணித்தலத்தின் விடுதியில் பெற்றோரைப் பிரிந்து தங்கி, எழுத்தும் எண்ணும் திருமறையும் கற்றார். பதின்மூன்றாம் வயதில் குடியின் முதியோர் அவரைக் காட்டுக்கு அழைத்துச் சென்றனர். அங்குப் பல திங்கள் தங்கி, ஆண்மகன் ஒருவன் அறிய வேண்டிய மரபுகளையும், முன்னோர் வரலாறுகளையும், நிலத்தின் பெயர்களையும் கற்றுத் திரும்பினார். முதற்கல்வி அவருக்கு வெள்ளையரின் உலகைக் காட்டியது. இரண்டாம் கல்வியோ அவர் பிற்காலத்தில் எதை வரைய வேண்டும் என்பதையே கற்பித்தது எனலாம்.

பதினெட்டு வயதளவில் அவர் இல்கலிதா என்னும் பெண்ணை மணந்தார். அப்பெண் அண்டை இனத்தைச் சேர்ந்தவர். யார் யாரை மணக்கலாம் என்பதற்கு அரண்டா மக்களிடையே கடுமையான விதிகள் இருந்தன. அவ்விதியை மீறியமையால் இளந்தம்பதியர் சுற்றத்தாரை விட்டு விலகி வாழ நேர்ந்தது. அக்காலத்தில் ஒட்டகம் ஓட்டியே ஆல்பர்ட் பிழைத்தார். ஆஸ்திரேலியாவில் ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வியக்கலாம். இருப்புப்பாதை இல்லாத அப்பாலை நிலத்தில் சுமை கொண்டு செல்வதற்காக, 19ஆம் நூற்றாண்டில் அன்றைய இந்தியாவின் கராச்சித் துறைமுகத்திலிருந்து ஒட்டகங்களும் அவற்றை ஓட்டுவோரும் கப்பலேறிச் சென்றனர். அவ்வழி வந்த ஒட்டகங்களே ஆல்பர்ட்டின் வாழ்வில் பின்னர் ஒரு பெரிய திருப்பத்திற்கும் துணையாயின.

சில ஆண்டுகளுக்குப் பின் இருவரும் ஹெர்மன்ஸ்பர்க்குக்குத் திரும்பினர். இல்கலிதா திருமுழுக்குப் பெற்று ரூபினா ஆனார். ஆல்பர்ட் கொல்லராகவும், தச்சராகவும், மாடு மேய்ப்பவராகவும் உழைத்தார். 1920களின் பிற்பகுதியில் அந்நிலத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. காய்கறி இன்மையால் நோய் பரவிப் பணித்தலத்துக் குழந்தைகள் பலர் மாண்டனர். அண்மையிலிருந்த சுனையிலிருந்து குழாய் வழியாக நீர் கொணர்ந்தாலன்றி ஊர் பிழைக்காது என்னும் நிலை ஏற்பட்டது. அங்கு வந்து சென்ற வயலட் டீக் என்னும் ஓவியரும் அவருடைய தங்கை உனாவும் மெல்போர்ன் நகரில் ஓவிய விற்பனை ஒன்றை நடத்தி அதற்குப் பொருள் திரட்டினர். 1935இல் ஊருக்குத் தண்ணீர் வந்தது. ஓவியம் விலைபோகும் என்பதையும், அவ்விலை ஓர் ஊரையே காக்கும் என்பதையும் ஹெர்மன்ஸ்பர்க் மக்கள் அன்று கண்ணாரக் கண்டனர்.

ஆல்பர்ட்டின் கைகளும் அப்போது சும்மா இருக்கவில்லை. பணித்தலத்தின் தலைவராகிய பாதிரியார் ஆல்பிரெக்ட் ஊக்கமளிக்க, அவர் மரப்பலகைகளிலும் வளைதடிகளிலும் காய்ச்சிய கம்பியால் உருவங்களைச் சுட்டு வரைந்து விற்று வந்தார். வருவாய் சிறிதே. பெருகிவரும் குடும்பத்திற்கு அது போதவில்லை.

1934இல் ரெக்ஸ் பேட்டர்பீ, ஜான் கார்ட்னர் என்னும் இரு ஓவியர்கள் அவ்வூருக்கு வந்து, அப்பகுதியில் தாங்கள் வரைந்த ஓவியங்களைப் பணித்தலத்திலேயே காட்சிக்கு வைத்தனர். தாம் அன்றாடம் காணும் மலைகளும் மரங்களும் தாளில் விளங்குவதை ஆல்பர்ட் நெடுநேரம் பார்த்து நின்றார். தம்மாலும் இவ்வாறு வரைய இயலும் என்னும் எண்ணம் அவருள் வேர்கொண்டது. வண்ணங்களும் தூரிகையும் வாங்கித் தருமாறு ஆல்பிரெக்டை வேண்டினார்.

பேட்டர்பீயைப் பற்றி இங்குச் சில சொல்லுதல் வேண்டும். அவர் விக்டோரியா மாநிலத்தினர். முதல் உலகப் போரில் படுகாயமுற்று ஒரு கை செயலற்றுப் போனவர். உழவுத்தொழில் செய்ய இயலாமற்போகவே ஓவியத் தொழிலுக்கு வந்தவர். 1936இல் அவர் மீண்டும் ஹெர்மன்ஸ்பர்க்குக்கு வந்தபோது, பாலையில் வழிகாட்டவும் ஒட்டகங்களைப் பேணவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆல்பர்ட் முன்வந்தார். தம் உழைப்புக்கு ஈடாக ஓவியம் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இருவரும் ஒரு திங்கள் அளவில் ஒன்றும், அதன்பின் மற்றொன்றுமாக இரு பயணங்களை மேற்கொண்டனர். பாறைப் பிளவுகளில் பனைகள் செறிந்த பாம் வேலி என்னும் பள்ளத்தாக்கிலும், மக்டொனெல் மலையடிவாரங்களிலும் கூடாரமிட்டுத் தங்கினர்.

நீர்வண்ண ஓவியம் எளிதன்று. எண்ணெய் வண்ணத்தில் பிழை நேர்ந்தால் அதன்மேல் மற்றொரு பூச்சைப் பூசி மறைக்கலாம். நீர்வண்ணமோ கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. கீழே உள்ள பூச்சு மேலே தெரியும். வெண்மை வேண்டுமிடத்தில் தாளின் வெண்மையையே தீண்டாமல் விட்டுவைத்தல் வேண்டும். பாலைவனத்தின் வெப்பத்தில் நீர் நொடியில் உலர்ந்துவிடும். ஆகவே கையும் கண்ணும் ஒருங்கே விரைதல் வேண்டும். பலர் ஆண்டுக்கணக்கில் முயன்று பெறும் இத்திறத்தை ஆல்பர்ட் சில வாரங்களில் பெற்றார். அவருடைய வண்ண உணர்வைக் கண்டு கற்பித்தவரே வியப்படைந்தார். அப்போது ஆல்பர்ட்டுக்கு வயது முப்பத்துநான்கு.

அவர் விரும்பி வரைந்தவற்றுள் ஒன்று, தைலமர இனத்தைச் சேர்ந்த வெண்ணிற மரமாகும். அதன் அடிமரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். நிலவொளியில் அதனைக் கண்ட வெள்ளையர் அதற்குப் பேய்மரம் எனப் பொருள்படும் பெயரை இட்டனர். ஆல்பர்ட்டின் ஓவியங்களில் அம்மரம் பெரும்பாலும் முன்னே நிற்கும். அதன் பட்டையின் சுருக்கங்களும் தழும்புகளும் ஒரு முதியவரின் தோலைப்போல் நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கும். அதற்குப் பின்னே காவி மண்ணும், மஞ்சள் புல்லும், தொலைவில் ஊதா மலையும் அடுக்கடுக்காக அமையும். மலையை அவர் மங்கலான பின்னணியாக விடுவதில்லை. அருகிலுள்ள மரத்திற்கு அளித்த அதே கவனத்தைத் தொலைவிலுள்ள மலைக்கும் அளித்தார்.

புகழ் விரைந்து வந்தது. 1937இல் பேட்டர்பீ அடிலெய்டு நகரில் நடத்திய கண்காட்சியில் ஆல்பர்ட்டின் ஓவியங்கள் மூன்றும் இடம்பெற்றன. 1938ஆம் ஆண்டு இறுதியில் மெல்போர்னில் அவருடைய தனிக்கண்காட்சி நடைபெற்றது. வைக்கப்பட்ட 41 ஓவியங்களும் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டு தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அவருடைய ஓவியம் ஒன்றை விலைக்கு வாங்கியது. 1944இல் ஆஸ்திரேலியாவின் குறிப்பிடத்தக்கோர் பெயர்க்கோவையில் அவர் பெயர் ஏறியது. 1953இல் அரசியின் முடிசூட்டு விழாப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1954இல் கான்பெரா நகருக்கு வந்த இரண்டாம் எலிசபெத் அரசியின் முன் அவர் அறிமுகம் செய்யப்பெற்றார். நாடெங்கும் இல்லங்களின் சுவர்களில் அவருடைய ஓவியங்களின் அச்சுப்படிகள் தொங்கின.

எனினும் கலைவாணர் அனைவரும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஐரோப்பியர் பாணியை நன்றாகப் பழகிக்கொண்டவர் என்ற அளவிலேயே சிலர் அவரை மதிப்பிட்டனர். தொல்குடி மரபின் கோடுகளும் புள்ளிகளும் அவர் ஓவியங்களில் இல்லை என்பது அவர்தம் குறை. அவர் வரைந்த இடங்கள் யாவை என்று அவர்கள் எண்ணிப் பார்த்தாரல்லர். தம் முன்னோரின் நிலத்தையே அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். பாணி பிறருடையதாயினும் பொருள் அவருடையது. இவ்வுண்மையை ஆய்வாளர்கள் அவர் மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னரே எடுத்துரைத்தனர்.

இனி அவர் வாழ்வின் மறுபக்கத்தைக் காண்போம்.

அக்காலத்தில் தொல்குடி மக்களுக்கு முழுக் குடியுரிமை இல்லை. நமத்ஜிராவின் வருவாய்க்கு அரசு வரி வாங்கியது. ஆனால் அவருக்கு வாக்குரிமை வழங்கவில்லை. சுற்றத்தாரின் பிழைப்புக்காகக் கால்நடை வளர்க்க எண்ணி அவர் மேய்ச்சல் நிலம் ஒன்றைக் குத்தகைக்குக் கேட்டார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வீடு கட்ட முயன்றார். தொல்குடியினர் என்பதனால் அதற்கும் இசைவு கிட்டவில்லை. முடிவில், நகருக்கு வெளியே மோரிஸ் சோக் என்னும் வறண்ட ஓடைப்படுகையில் குடிசையிட்டுக் குடும்பத்துடன் வாழ்ந்தார். எந்த நிலத்தின் அழகை அவர் நாட்டுக்கே காட்டினாரோ, அந்த நிலத்தில் ஒரு மனையை உரிமையாகக் கொள்ள அவரால் இயலவில்லை.

1956இல் வில்லியம் டார்கி என்னும் ஓவியர் நமத்ஜிராவின் உருவத்தை வரைந்தார். ஆஸ்திரேலியாவில் உருவ ஓவியத்திற்கு அளிக்கப்படும் ஆர்ச்சிபால்டு பரிசு அவ்வாண்டு அதற்குக் கிடைத்தது. மலைகள் பின்னே விளங்க, தம் ஓவியம் ஒன்றைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கிறார் நமத்ஜிரா. அவர் முகத்தில் பெருமிதமும் உண்டு, களைப்பும் உண்டு.

இதற்கிடையே வட ஆட்சிப்பகுதியில் புதிய சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி 1957இல் பதினையாயிரத்திற்கும் மேற்பட்ட தொல்குடியினரின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டன. அப்பதிவேட்டில் இடம்பெற்றோர் அரசின் காப்புக்கு உட்பட்டோர் எனக் கருதப்பட்டனர். எங்கே வாழ்வது, யாரை மணப்பது என்பனவற்றிற்கும் அவர்கள் அரசை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. நமத்ஜிரா, ரூபினா இருவரின் பெயர்களும் அதில் எழுதப்படாமல் விடப்பட்டன. ஆகவே அவ்விருவரும் முழுக் குடியுரிமை உடையோராயினர். செய்தித்தாள்கள் இதனைக் கொண்டாடின. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களும், உற்றார் உறவினரின் பெயர்களும் பதிவேட்டிலேயே இருந்தன. ஒரே குடும்பத்தில் பெற்றோர்க்கு ஒரு சட்டம், மக்களுக்கு வேறொரு சட்டம். தனி ஒருவரைக் குடியிலிருந்து பிரித்தெடுத்து வழங்கிய அவ்வுரிமை, பரிசு என்பதினும் பொறி என்பதே பொருந்தும்.

அரண்டா மக்களிடையே தன் பொருள் பிறர் பொருள் என்னும் வேறுபாடு இல்லை. ஒருவன் பெற்றதைச் சுற்றத்தார் அனைவருடனும் பகிர்தல் கடமை, பகிராமை பெரும்பழி. நமத்ஜிரா தாம் ஈட்டியதை எல்லாம் அவ்வாறே பகிர்ந்து வந்தார். புதிய உரிமையால் அவர் மதுவை விலைக்கு வாங்கலாம். பதிவேட்டில் உள்ள ஒருவருக்கு அதனைக் கொடுத்தாலோ குற்றம். மது அவர் உடலையும் குடும்பத்தையும் கெடுத்தது என்பதனை மறைக்க வேண்டியதில்லை. 1958இல் மோரிஸ் சோக்கில் இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அக்கொலையில் நமத்ஜிராவுக்குப் பங்கில்லை. ஆயினும் குடியிருப்புக்கு மது வருவதற்கு அவர் காரணம் என்னும் பழி எழுந்தது. சிறிது காலத்தில், காப்புக்கு உட்பட்டவராகிய ஓவியர் ஒருவருக்கு மது கிடைக்கச் செய்தார் என்று அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிமன்றம் ஆறு திங்கள் சிறைத்தண்டனை விதித்தது.

நாடெங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. மேல்முறையீட்டில் தண்டனை மூன்று திங்களாகக் குறைந்தது. பின்னர் வழக்கு ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. ஆயிரக்கணக்கானோரை ஒருவரையும் விசாரியாமல் ஒட்டுமொத்தமாகப் பதிவேட்டில் எழுதியது செல்லாது என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. அவ்வாதம் வென்றிருக்குமாயின் நமத்ஜிரா மட்டுமல்லர், அவர் மக்கள் அனைவருமே அப்பதிவேட்டிலிருந்து விடுபட்டிருக்கக்கூடும். 1959இல் வாதம் தோற்றது.

அமைச்சர் பால் ஹாஸ்லக் தலையிட்டமையால், நமத்ஜிரா சிறைக்கூடத்திற்கு அனுப்பப்படாமல் பப்புன்யா என்னும் குடியிருப்பில் காவலில் வைக்கப்பட்டார். இரண்டு திங்களுக்குப் பின் விடுதலை பெற்றார். ஆனால் உள்ளம் உடைந்திருந்தது. வரைவதில் ஆர்வம் குன்றியது. உடல்நலம் கெட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, தம்மைக் காண வந்த பேட்டர்பீயிடம் மூன்று ஓவியங்களை அளித்தார். மேலும் வரைந்து தருவதாகவும் கூறினார். அது நிறைவேறவில்லை. 1959ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 8ஆம் நாள், தம் 57ஆம் வயதில் அவர் காலமானார்.

காப்புச் சட்டம் 1964இல் நீக்கப்பட்டது. 1967இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், தொல்குடி மக்களையும் நாட்டின் மக்கள்தொகையில் சேர்த்து எண்ண வேண்டும் என்பதற்கு வாக்களித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இசைந்தனர். நமத்ஜிரா காவலில் இருந்த அதே பப்புன்யாவில், 1971இல் தொல்குடி ஓவியர்கள் தம் மரபுக் கோலங்களைப் பலகைகளில் தீட்டத் தொடங்கினர். அவ்வோவிய இயக்கம் இன்று உலகெங்கும் அறியப்பட்டுள்ளது.

அவருடைய ஓவியங்களின் பதிப்புரிமையோ நெடுங்காலம் குடும்பத்தின் கையில் இல்லை. 1983இல் அரசின் பொறுப்பாளர் அதனை 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்திற்கு விற்றுவிட்டார். அதன்பின் பெயரர்களும் அவர்தம் மக்களும் பல ஆண்டுகள் போராடினர். 2017இல் ஒரு டாலர் விலைக்கு அது நமத்ஜிரா குடும்பத்தின் அறக்கட்டளையிடம் மீண்டது. 2020இல் அவருடைய கொள்ளுப்பெயரர் வின்சென்ட் நமத்ஜிரா தாம் வரைந்த உருவ ஓவியத்திற்காக ஆர்ச்சிபால்டு பரிசைப் பெற்றார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வழங்கிவரும் அப்பரிசைத் தொல்குடி ஓவியர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை.

சொற்பொருள்
சுனை – பாறையிடையே ஊறும் நீர்நிலை. சுற்றத்தார் – உறவினர். திங்கள் – மாதம். தூரிகை – வண்ணம் தீட்டும் கோல். இசைவு – ஒப்புதல். பெயரர் – பேரன் பேத்தியர்.

பயிற்சி
1. நீர்வண்ண ஓவியம் வரைவதிலுள்ள இடர்ப்பாடுகள் யாவை?
2. சிறுவன் ஆல்பர்ட் பெற்ற இருவகைக் கல்வியையும் விளக்கி எழுதுக.
3. 1957இல் கிடைத்த குடியுரிமை நமத்ஜிராவுக்குப் பொறியாக அமைந்தது எவ்வாறு?
4. நீங்கள் நாள்தோறும் காணும் ஓர் இடத்தின் நிறம் காலை முதல் மாலை வரை எவ்வாறு மாறுகிறது என்பதை உற்றுநோக்கிப் பத்து வரிகளில் எழுதுக.